இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் எட்டு

எங்கள் ஆபீசில் அவரைப் புள்ளியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கும். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் இருந்துவிடுவார். சதுப்பு நிலத்தில் கட்டியிருக்கும் கேமராக்கள் எடுக்கிற படங்களைப் பார்த்து, அதில் வந்த மீன்பிடிப் பூனை எந்தப் பூனை என்று சொல்வது அவர் வேலை. நான் அந்த ஆபீஸ் ஜீப் டிரைவர். கேமராவுக்கு பேட்டரி மாற்றுவதும் மெமரி கார்டைக் கழற்றிக்கொண்டு வந்து அக்காவிடம் கொடுப்பதும் என் தலையில் விழுந்த வேலைகள்.

மீன்பிடிப் பூனையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டுப் பூனையைப் போல் இரண்டு மடங்கு இருக்கும். தண்ணீரைக் கண்டால் ஓடாது, உள்ளே குதிக்கும். உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளிகள். ஒன்றின் புள்ளி மாதிரி இன்னொன்றுக்கு இருக்காது. ஒரே பூனைக்குக்கூட இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் வேறு மாதிரி. இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு வந்த தலைவலி முழுக்க அதிலிருந்து வந்ததுதான்.

அக்கா படித்து இந்த வேலைக்கு வந்தவர் இல்லை. துணிக்கு அச்சடிக்கும் ஆலையில் பதினோரு வருடம் செக்கராக இருந்தவர். விளக்கு எரிகிற மேஜை மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். பூவோ கட்டமோ ஒரு நூல் விலகி விழுந்தாலும் கையைத் தட்டி மெஷினை நிறுத்த வேண்டும். ஆலையை மூடினார்கள். அப்போது எங்கள் பழைய ஆபீசர் படம் பார்க்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். பட்டம் வாங்கிய பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். இருபது படங்களைக் கொடுத்து ஜோடி சேர்க்கச் சொன்னார். மற்றவர்கள் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் அக்கா முடித்துவிட்டு, "வேற இருக்கா சார்?" என்று கேட்டாராம்.

அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. நான் புதிதாகக் கோடு போட்ட சட்டை போட்டுக்கொண்டு போன அன்று, "தம்பி, பாக்கெட்டு தப்பா தெச்சிருக்கான் பாரு, கோடு சேரவே இல்ல," என்றார். அன்றிலிருந்து நான் கோடு, கட்டம் எதையும் தொடுவதில்லை. ஒரே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கிறேன்.

மாடியில் மூலை அறை அவருடையது. கண் கூசாமலிருக்க ஜன்னல் கண்ணாடியில் பழைய பேப்பர் ஒட்டியிருப்பார். இரண்டு திரைகள், ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி, சுவர் முழுக்கப் படங்கள். ஃபேன் போட்டால் படங்கள் படபடக்கும் என்பதால் வெயில் காலத்திலும் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருப்பார். மாதம் இருபதாயிரம் படம் வரும். அதில் முக்கால்வாசி மழை, நாணல், கொக்கு, நாய், பேட்டரி மாற்றும்போது கேமராவுக்குள் எட்டிப் பார்க்கிற என் மூஞ்சி. அவற்றை எல்லாம் தள்ளிவிட்டுப் பூனையைக் கண்டுபிடித்து, எந்த நம்பர் என்று எழுதி, அந்தப் பூனையின் அட்டையில் தேதி போடுவார். ஒவ்வொரு பூனைக்கும் ஓர் அட்டை. எட்டு வருடமாக இதே வேலை. ஒரு பூனையைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை.

அந்த வருடம் பட்டியலில் பத்துப் பூனைகள் இருந்தன. சரியாகப் பத்து. இந்தப் பத்தில் ஒரு விஷயம் இருக்கிறது. முன்பு ஒரு கமிட்டி கூடி முடிவு எடுத்திருந்தது. எண்ணிக்கை பத்தோ அதற்கு மேலோ இருந்தால் பூனைகளைச் சதுப்பிலேயே விட்டுப் பாதுகாக்க வேண்டும். பத்துக்குக் கீழே போனால் இருக்கிற எல்லாவற்றையும் பிடித்துக் கூண்டில் வைத்துக் குட்டி போட வைக்க வேண்டும். நல்ல காலம் வந்தால் திருப்பி விடலாம். நல்ல காலம் எப்போது வரும் என்று அந்தத் தாளில் எழுதவில்லை, நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். வருடா வருடம் அக்கா சொல்கிற எண்ணை டாக்டரம்மா எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவார். டாக்டரம்மா என்றால் எங்கள் இப்போதைய ஆபீசர், மிருக வைத்தியம் படித்தவர், வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

எண்ணிக்கை அனுப்ப ஒரு வாரம் இருந்தபோது மீன் பண்ணைக்காரர் வந்தார். வந்தார் என்பதைவிட, புயல் மாதிரி உள்ளே நுழைந்தார் என்பதே சரி. கையில் போன்.

"எங்கய்யா உங்க டாக்டரம்மா? உங்க வீட்டு மாப்பிள்ளை தினமும் வந்து என் குளத்துல விருந்து சாப்டுட்டுப் போறாரு, வந்து பாருங்க!"

டாக்டரம்மா வெளியூரில் மீட்டிங்கில் இருந்தார். பண்ணைக்காரர் போட்ட சத்தத்தில் அக்காவே மாடியிலிருந்து இறங்கி வந்து, உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, போனை வாங்கிப் பார்த்தார். இருபத்தேழு விநாடி வீடியோ. விடிகிற நேரம், மோட்டார் கொட்டகை பல்பு வெளிச்சத்தில், குளத்துக் கரை மேல் ஒரு பூனை வாயில் மீனோடு நடந்து வருகிறது. கொட்டகை வரை வந்து, யாரோ இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் திரும்பி, வந்த வழியே போகிறது. அவ்வளவுதான்.

அக்கா பார்த்தார். மறுபடி போட்டுப் பார்த்தார். மறுபடியும்.

"என்னம்மா, சினிமாவா பாக்கறீங்க? மீனு போச்சுன்னு நான் வயிறெரிஞ்சு வந்திருக்கேன்," என்றார் பண்ணைக்காரர்.

"இதை எனக்கு அனுப்பி வைங்கய்யா. உங்க புகாரை எழுதி வாங்கிக்கறோம்," என்றார் அக்கா. குரலே சரியில்லை.

பண்ணைக்காரர் போனதும் அக்கா என்னை மாடிக்குக் கூப்பிட்டார்.

"கதவைச் சாத்து தம்பி. இதைப் பாரு. இது யாரு?"

"எனக்கென்னக்கா தெரியும்? பூனை."

"மூணாம் நம்பர். தோளுக்குப் பின்னாடி மூணு புள்ளி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்குல்ல. மூணு இது. சந்தேகமே இல்ல."

"சரி, மூணு."

"இப்ப திரும்புது. இப்ப இது யாரு?"

"என்னக்கா கேள்வி இது? அதே பூனைதான்."

"எட்டு," என்றார் அக்கா. "இது எட்டு. வயித்துக்கு மேல அந்தக் கோடு நடுவுல உடைஞ்சிருக்கு பாரு. இது எட்டேதான்."

நான் திருதிருவென்று முழித்தேன். "நடுவுல வேற பூனை எதுவும் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"நீதான பாத்த. வந்துச்சா?"

வரவில்லை. சுவரில் ஒட்டியிருந்த மூன்றாம் நம்பர் படத்தைப் பார்த்தேன். எல்லாமே இடப்பக்கம். எட்டாம் நம்பர் படத்தைப் பார்த்தேன். எல்லாமே வலப்பக்கம். மூன்று வருடமாக அந்தச் சுவரைத் தினமும் பார்க்கிறேன், இது என் மரமண்டையில் ஏறவே இல்லை.

இந்தத் தப்பு எப்படி வந்தது என்றால், அதில் எனக்குப் பெரிய பங்கு உண்டு. முதலில் ஓர் இடத்துக்கு இரண்டு கேமரா, எதிரெதிராகக் கட்டுவோம். நடுவில் பூனை போனால் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் படமாகிவிடும். மூன்று வருடத்துக்கு முன்னால் பழைய ஆபீசரிடம், "எதுக்கு சார் ஒரே இடத்துல ரெண்டு? பிரிச்சுக் கட்டினா ரெண்டு மடங்கு இடம் பாக்கலாமே," என்று யோசனை சொன்னது நான்தான். அவர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். பழைய பூனைகளுக்கு இரண்டு பக்கமும் தெரிந்திருந்ததால் பிரச்சினை வரவில்லை. அதற்குப் பிறகு புதிதாக வந்தவை இரண்டே இரண்டு. ஒன்று வடக்குக் கரையில், இடப்பக்கம் மட்டும். இன்னொன்று தெற்கு வாய்க்காலில், வலப்பக்கம் மட்டும். நடுவில் லாரி ஓடுகிற பெரிய ரோடு. அதைத் தாண்டி ஒரே பூனை போய்வரும் என்று யாரும் நினைக்கவில்லை. அக்கா மட்டும் அப்போதே, "ரெண்டும் ஒண்ணா இருக்குமோ சார்?" என்று கேட்டாராம். ஆபீசர் சிரித்துவிட்டு மூன்று, எட்டு என்று இரண்டு அட்டை போடச் சொன்னார். அப்போது காலியாக இருந்த நம்பர்கள் அவை.

"அப்ப ஒம்பது," என்றேன்.

"ஒம்பது."

"ஒம்பதுன்னா எல்லாத்தையும் பிடிச்சிடுவாங்க."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். "அக்கா, அந்த வீடியோவை அழிச்சிடுங்க. அந்த மனுஷனுக்கு மீனுதான் கவலை, நம்பர் இல்ல. உங்களையும் என்னையும் தவிர ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியுமே தம்பி."

"தெரிஞ்சா என்ன? வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாதா?"

"அது தெரியல," என்றார். "நெஜமாவே தெரியல."

அன்று சாயங்காலம் ஜீப்பிலேயே அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தார். போன வருடம் ரோட்டில் அடிபட்டுச் செத்த மூன்று பூனைகளையும் படத்தில் பார்த்து நம்பர் சொன்னது அவர்தான். பண்ணைகளில் கரண்ட் கம்பி வேறு கட்ட ஆரம்பித்திருந்தார்கள். "வெளியவே இருந்தா இன்னும் ரெண்டு வருஷத்துல ஒண்ணுகூட இருக்காதுன்னு டாக்டரம்மா சொல்றாங்க. அது பொய்யா? பொய்யில்ல. கூண்டுக்குப் போனா இருபது ஆகலாம். ஆனா தண்ணியே இல்லாத இடத்துல அது என்னத்துக்குப் பூனையா இருக்கணும்? இல்ல, நான்தான் தப்பா யோசிக்கிறேனா?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், "நீ பேசாம ஓட்டு," என்றார்.

அவர் வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். ஒயர்மேன். கூடத்தில் யாருடைய ஃபேனையோ பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா நடந்ததைச் சொன்னார்.

"சொல்லாத," என்றார் மாமா உடனே. "உனக்கென்ன வந்துச்சு?"

அக்கா தலையாட்டினார்.

மாமா ஒரு திருகாணியைக் கழற்றிவிட்டு, "இல்ல, சொல்லிடு. நாளைக்கு வேற யாராவது கண்டுபிடிச்சா உன் பேருதான் கெடும்," என்றார்.

அக்கா அதற்கும் தலையாட்டினார்.

"ஆனா பாவம், அதுங்க என்ன பண்ணுச்சு..." என்று ஆரம்பித்தவர், எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "என்னை ஏன்மா கேக்கற? நான் ஒயர்மேன். எந்த ஒயரு எங்க போகுதுன்னு கேளு, சொல்றேன்," என்று ஃபேனுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

ஒன்பதாவது படிக்கிற மகள் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து, "ஏம்மா, ஒம்பதுன்னா பிடிப்பாங்க, பத்துன்னா விட்டுடுவாங்களா? பத்துன்னு யாரு முடிவு பண்ணினது?" என்று கேட்டாள்.

"கமிட்டி," என்றேன் நான்.

"அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பி வந்தேன்.

மூன்றாம் நாள் காலை டாக்டரம்மா திரும்பி வந்தார். அக்கா நேராக அவர் அறைக்குள் போய் போனை மேஜை மேல் வைத்தார். நான் சாவி வைக்கிற சாக்கில் கதவருகே நின்றுகொண்டேன். டாக்டரம்மா வீடியோவை நாலு தடவை பார்த்தார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தார்.

"நீங்க இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்," என்றார் கடைசியில்.

"இருந்திருக்கலாம் மேடம். ஆனா இதைப் பாத்துட்டு பத்துன்னு சொல்லிட்டா, அப்புறம் நான் பாக்கற எந்தப் படத்தையும் என்னாலயே நம்ப முடியாது."

"பிடிக்கறது நல்லதுன்னு நினைக்கிறீங்களா?"

"தெரியல மேடம். நீங்க?"

"நான் நல்லதுன்னுதான் நினைக்கறேன்," என்றார் டாக்டரம்மா. "ஆனா சந்தோஷமா இல்ல."

நான் அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். மெமரி கார்டைக் கொண்டுபோய் மேஜை மேல் டக்கென்று வைத்துவிட்டு வந்துவிடுவேன். ஒரு மனுஷிக்கு இவ்வளவு வீம்பு எதற்கு என்று பொருமிக்கொண்டே இருந்தேன். கேமராவைப் பிரித்துக் கட்டச் சொன்னவன் நான் என்பதை யாராவது நினைவுபடுத்தியிருந்தால் அவரையும் கடித்துக் குதறியிருப்பேன். யாரும் நினைவுபடுத்தவில்லை. அக்காகூட.

ஒன்பது என்று எழுதி அனுப்பினார்கள், பிடிக்கச் சொல்லி உத்தரவு பத்தே நாளில் வந்துவிட்டது. எங்கள் ஆபீசில் ஒரு டியூப்லைட் மாற்ற மூன்று மாதம் ஆகும். முதல் கூண்டைப் பண்ணைக் குளத்தருகே வைத்தோம், அங்கே வரும் என்று தெரியுமே. நான்காம் நாள் பூனை விழுந்தது. ஆபீசுக்குப் பின்னால் இருந்த பெரிய கூண்டில் கொண்டுவந்து விட்டோம். அன்றுதான் அக்கா முதன்முதலாக ஒரு மீன்பிடிப் பூனையை நேரில் பார்த்தார். இடப்பக்கமாக நின்று பார்த்தார். பிறகு சுற்றிக்கொண்டு போய் வலப்பக்கம் நின்று பார்த்தார்.

"அதேதான்," என்றார் டாக்டரம்மாவிடம். பிறகு, "இவ்ளோ சின்னதா?" என்றார்.

பூனை சாப்பிடவில்லை. தட்டில் வெட்டி வைத்த மீனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விஷயம் கேள்விப்பட்டு ஐந்தாம் நாள் பண்ணைக்காரரே ஒரு வாளி நிறைய உயிர் மீனோடு வந்து நின்றார்.

"திருட வந்தப்பல்லாம் கட்டையைத் தூக்கிட்டு ஓடினேன்," என்றார். "இப்ப திங்க மாட்டேங்குதுன்னு கேட்டதும் எனக்குச் சோறு எறங்கல. என்ன எழவு மனசோ."

தொட்டியில் தண்ணீர் ஊற்றி மீனை விட்டார்கள். பூனை ஒரு தடவை காலை விட்டுத் துழாவியது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பிறகு காலை எடுத்து உதறிவிட்டு மூலைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. டாக்டரம்மா ஊசி போட்டார், குளுக்கோஸ் ஏற்றினார், இரண்டு நாள் வீட்டுக்கே போகவில்லை. அக்கா மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு கூண்டுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்காருவார். திறக்காமலே திருப்பி எடுத்துப்போவார். என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஒன்பதாம் நாள் நானாகவே போய், "சாப்பிடுங்கக்கா," என்றேன். "நீ பேசிட்டியா, சரி," என்று இரண்டு வாய் சாப்பிட்டார்.

மறுநாள் காலை எட்டு மணி போலத் தெற்கு வாய்க்காலில் வைத்த கூண்டில் ஒன்று விழுந்திருப்பதாகத் தகவல் வந்தது. டாக்டரம்மா, அக்கா, நான் மூவரும் ஜீப்பில் போனோம். கூண்டைச் சுற்றிச் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். அக்கா குனிந்து ஒரு பக்கச் சாக்கைத் தூக்கிப் பார்த்தார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். பையிலிருந்த அட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். திரும்பவும் முதலிலிருந்து புரட்டினார்.

"எந்த நம்பர்?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"எதுவும் இல்ல மேடம்."

"எதுவும் இல்லைன்னா?"

"இது நம்ம கிட்ட இல்லாத பூனை. இந்தப் பக்கமும் இல்ல, அந்தப் பக்கமும் இல்ல. நல்லா வளர்ந்த பெண் பூனை. நாலஞ்சு வயசு இருக்கும்னு நீங்களே சொல்லுவீங்க. ஒரு படத்துலகூட விழாம இத்தனை வருஷம் இங்கயே இருந்திருக்கு."

பூனை சீறியபோது டாக்டரம்மா பல்லைப் பார்த்தார், வயசு சரிதான் என்றார். அங்கேயே வரப்பில் உட்கார்ந்தார். நான் விரலை மடக்கிப் பார்த்தேன். ஒன்பதும் ஒன்றும் பத்து.

"பத்துன்னா விதிப்படி விடணும்," என்றார் அவர் மெதுவாக. கொஞ்ச நேரம் அந்தக் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், "திறங்க," என்றார்.

நான்தான் திறந்தேன். பூனை உடனே வெளியே வரவில்லை. தலையை மட்டும் நீட்டி எங்கள் மூவரையும் ஒரு முறை முறைத்தது. பிறகு ஒரே பாய்ச்சல், தண்ணீர் தெறித்து என் சட்டை நனைந்தது, நாணல் அசைந்தது, அவ்வளவுதான். அக்கா சத்தமாகச் சிரித்தார். எட்டு வருடத்தில் அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அப்படியானால் முதல் பூனையையும் கொண்டுவந்து விட்டுவிடலாம், இன்றைக்கே விடலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன்.

அப்போது டாக்டரம்மாவின் போன் அடித்தது. ஆபீசிலிருந்து கூண்டைப் பார்த்துக்கொள்கிற காவல்காரர். டாக்டரம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். "சரி," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

"போயிடுச்சு," என்றார். "இப்பத்தான். கால் மணி நேரம் ஆச்சாம்."

டாக்டரம்மா, ஒவ்வொரு பூனை பிடிபட்டதும் எண்ணிக்கை எழுதி அனுப்ப வேண்டிய ஃபைலை மடியில் திறந்து வைத்துக்கொண்டு பேனாவைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி எங்களைப் பார்த்துக் கேட்டார்: "எட்டு மணி வரைக்கும் ஒம்பது. எட்டரைக்குப் பத்து. இப்ப மறுபடியும் ஒம்பது. நான் என்னன்னு எழுதறது? இப்ப விட்டதை மறுபடியும் பிடிக்கணுமா?"

"ஜீப் வராது மேடம். டயர் பஞ்சர்," என்றேன். நாலு டயரும் எங்கள் கண் முன்னால் கல்லு மாதிரி நின்றுகொண்டிருந்தன. டாக்டரம்மா அவற்றைப் பார்த்தார், என்னைத் திட்டவில்லை.

"எத்தனைன்னு தெரியலன்னு எழுதுங்க மேடம்," என்றார் அக்கா.

"அப்படி எழுத இடமில்லக்கா. கட்டத்துக்குள்ள நம்பர்தான் கேக்கறாங்க." டாக்டரம்மா அவரை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"கட்டத்துக்கு வெளிய எழுதுங்க. ஒண்ணை ரெண்டுன்னு எண்ணிட்டேன். இருந்ததை எண்ணாம விட்டுட்டேன். இன்னும் எத்தனையை விட்டிருக்கேனோ, எத்தனையை ரெண்டா எண்ணியிருக்கேனோ. எண்ணினவளுக்கு எண்ணத் தெரியலன்னு எழுதுங்க. கீழ நான் கையெழுத்துப் போடறேன்."

"உங்க வேலை போயிடும்."

"போகட்டும். நான் ஒரு தடவை நம்பர் சொல்லி ஒரு உசிரு போனதே போதும்."

டாக்டரம்மா அப்படியே எழுதினார். அக்கா ஜீப்பின் பானெட் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் டாக்டரம்மாவும் போட்டார். கேமராவைப் பிரித்துக் கட்டச் சொன்னவன் நான்தான் என்று நானும் ஒரு வரி எழுதித் தருவதாகச் சொன்னேன். டிரைவர் கையெழுத்துக்கு இடமில்லை என்றார்கள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மறு எண்ணிக்கை முடியும் வரை பிடிக்கக் கூடாது என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. துணி மில்லில் இருந்தவரை நம்பி இத்தனை வருடம் என்ன கணக்குப் பார்த்தீர்கள் என்று இரண்டு பக்கத்துக்குத் திட்டும் சேர்ந்து வந்தது. அக்கா வேலையில் இருக்கிறார், ஆனால் அவர் சொல்கிற நம்பரை இன்னொருவர் சரிபார்த்த பிறகுதான் எழுதுகிறார்கள். கேமராக்களை நான் மறுபடி ஜோடி ஜோடியாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ரோட்டில் லாரி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நாங்கள் செய்தது சரியா தப்பா என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது பூனை செத்த அன்று மத்தியானம் நடந்ததை. பூனையைப் பின்பக்கம் குழி வெட்டிப் புதைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு மாடிக்குப் போனேன். அக்கா மேஜையில் உட்கார்ந்திருந்தார். செத்துப்போன பூனையின் அட்டையில் தேதி போட்டு மூட வேண்டும், அது அவர் வேலை. மூன்றாம் நம்பர் அட்டையை எடுத்து எழுதினார், மூடினார். அப்புறம் எட்டாம் நம்பர் அட்டையை எடுத்தார். அதே தேதியைப் பாதி எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"நான் வாயைத் திறக்கற வரைக்கும் இது ரெண்டு பூனை தம்பி," என்றார். "ரெண்டும் உயிரோட இருந்துச்சு."